அமாவாசைக் கூட்டம்

அன்றைக்கு என் மகன் அழாமல் தூங்கியிருந்தால், அந்த அழைப்பு எனக்கு வந்திருக்குமா?

இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. ஓடுகிறான், பேசுகிறான், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துகிறான். நான் மட்டும் அவன் தொட்டிலில் கிடந்து அழுத அந்தப் பிற்பகலைவிட்டு இன்னும் நகரவில்லை.

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் அழைப்பு என்றால் கல்யாணப் பத்திரிகை அல்ல. இந்த வேலையை நீ செய் என்று ஆண்டவர் ஒருவரைத் தனியே கூப்பிடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். வந்தவர்களுக்கு அது தெரிந்துவிடுமாம். வராதவர்கள் எதை வைத்து அறிந்துகொள்வது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சேலத்தில் பெண்கள் விடுதிப் பள்ளியில் படித்தேன். என் பாய்க்கு அடுத்த பாய் என் தோழியுடையது. அவள் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவரின் மகள். வேதப் பாடத்தில் பரிசு எனக்கு வரும். ஜெப நேரத்தில் சிரித்ததற்காக வெளியே நிற்கும் தண்டனை அவளுக்கு வரும். வருஷத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருவார். வாலிபப் பிள்ளைகள் நடுவில் ஊழியம் செய்யத் தன்னைக் கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று முடிவில் சொல்வார். நான் ஒவ்வொரு வருஷமும் எழுந்து நின்றேன். ஒருமுறை அவள் என் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடி. போன வருஷமே நின்னாச்சுல்ல? அவருக்கு உன் மூஞ்சி ஞாபகம் இருக்கும்.”

அவள் ஒரு வருஷம்கூட எழுந்து நிற்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

ஆசிரியைப் பயிற்சி முடித்ததும் எனக்குக் கல்யாணமாயிற்று. கணவர் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊரில் மிஷன் பள்ளி ஆசிரியர். வண்டியிலிருந்து இறங்கியபோதே தெருவெல்லாம் தறிச் சத்தம். சன்னல்களுக்குள்ளே என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்த பெண்கள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் இத்தனை வருஷம் எழுந்து நின்றது இவர்களுக்காகத்தான் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, ஒரு குரலும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கடமையைச் செய்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் வாலிபப் பெண்கள் கூட்டம் தொடங்கினேன். பாட்டு, தையல், எழுத்து, ஒரு வேதக் கதை.

மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் எங்கள் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் எப்படியும் வருவார்கள். நெசவுத் தெருவிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. நான் வீடுவீடாகப் போனேன். அங்கே போனால் வேதத்தில் சேர்த்து மதம் மாற்றிவிடுவார்கள் என்று சில வீடுகளில் பயந்தார்கள். பல வீடுகளில் அந்தப் பயம்கூட இல்லை. மோர் கொடுத்து, மரியாதையாகப் பேசி, “ஞாயித்துக்கெழமைங்களா? புள்ளைக்குத் தார் சுத்தோணுமுங்களே” என்று அனுப்பிவிட்டார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதற்குத்தான் தார் சுற்றுவது என்று பெயர். மகள் ராட்டையை விட்டு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தறி நின்றுவிடும். எனக்கு இது சாக்காகத்தான் பட்டது. அவர்கள் மனம் இளக வேண்டுமென்று ஜெபித்தேன். மாதத்தில் ஒருநாள் ஊரில் ஒரு தறிகூட ஓடாமல் அமைதியாக இருக்கும். அதையும் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் குழந்தை நன்றாகத் தூங்குவான் என்பதற்கு மேல் யோசித்ததில்லை.

மகன் பிறந்து ஆறேழு மாதம் ஆனபோது தோழி அவனைப் பார்க்க வந்தாள். அவள் அப்போது வாழப்பாடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்டால் மாப்பிள்ளைகளை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். அவள் வந்த வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். ஞாயிறு கூட்டத்தை நடத்த முடியவில்லை. திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். அதனால் செவ்வாய்க்கிழமை பிற்பகல் வரச் சொல்லி மூன்று பெண்களிடமும் சொல்லியனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அமாவாசை.

எங்கள் வீட்டில் அமாவாசை பார்ப்பதில்லை. ஆகையால் எனக்குத் தெரியவே தெரியாது. தெருவில் நெசவு செய்கிறவர்களுக்கோ அதுதான் ஓய்வு நாள். அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டார்கள். சபைப் பெண்கள் மூவரும் வரும் வழியில் பக்கத்து வீட்டுத் தோழிகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலை முழுகி, பின்னல் போட்டு, கோயிலுக்குப் போகும் வரை வேறு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். என் முன்னறை நிறைந்து, நடைக்கும் வழிந்தது. நான் கதவருகில் நின்று பார்த்தேன். இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதையை எடுத்தேன். ஆலயத்தில் வளர்கிற ஒரு சிறுவனை, அவன் படுத்திருக்கும்போது, ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிட்டது அந்த ஆலயத்து வயதான ஆசாரியர் என்று நினைத்து அவன் அவரிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். மறுபடியும் அந்தக் குரல் கூப்பிடுகிறது, மறுபடியும் ஓடுகிறான். மூன்றாம் தரம்தான் அந்த முதியவருக்குப் புரிகிறது, கூப்பிடுவது யார் என்று. இந்தக் கதையை நான் பயிற்சிப் பள்ளியில் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் தரத்துக்கு முன் எங்கே நிறுத்த வேண்டும், குரலை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நிறுத்தினேன். பெண்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உள்கதவைத் திறந்துகொண்டு மாமியார் எட்டிப் பார்த்தார்.

“அம்மிணி, சாமி கூப்புடுது பாரு. எந்திரிச்சு வா.”

எங்கள் பக்கத்தில் குழந்தையையும் சாமி என்றுதான் சொல்வார்கள். மாமியாருக்குப் பேரன் சாமி. இங்கே பெரியவர்களும் சாமி, கடவுளும் சாமி. கடவுளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று விடுதியில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நான் ஆண்டவர் என்றுதான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை. நடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, “டீச்சரம்மாவையே சாமி கூப்புடுதுங்கோ” என்றாள். அறை முழுவதும் சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதான். காய்ச்சல் விட்ட பிள்ளை. பசி பொறுக்க மாட்டான். எழுந்து போனேன். போகும்போது தோழியைப் பார்த்து, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று கையைக் காட்டினேன்.

குழந்தை மார்பில் வாய் வைத்ததும் அமைதியானான். சுவருக்கு அந்தப் பக்கம் தோழியின் குரல் கேட்டது. கதையை அவள் கையில் எடுத்திருந்தாள். என்னைப் போலச் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் பழகிய வாழப்பாடிப் பேச்சில், பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“நம்ம வீட்லயும் இப்படித்தானே? அம்மா கூப்பிடறாங்கன்னு எழுந்து ஓடறோம். நான் கூப்பிடலை, போய்ப் படுங்கறாங்க.”

“எங்கூட்டுல போய்ப் படுன்னு சொல்ல மாட்டாங்க,” என்றாள் ஒருத்தி. “வந்தது வந்துட்டே, ஒக்காந்து தாரச் சுத்துன்னுருவாங்க.”

மறுபடி சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் முன்னறை, என் பாய், என் கதை. பிறகு அவள் மூன்றாம் தரத்துக்கு வந்தாள். “மறுபடியும் கூப்பிடறாங்க” என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தது என்ன என்று மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியை நான் குழந்தையின் காதில் முணுமுணுத்தேன்.

அவள் மறக்கவில்லை. அவளுக்கு அழைப்பு வந்த நேரம் அதுதான். மறுநாள் காலையில் கிணற்றடியில் சொன்னாள்.

“அந்த இடத்துல அந்தப் புள்ளைங்க கையைப் பாத்தேன்டி. நூல் அறுத்து அறுத்து விரலெல்லாம் கோடு. எனக்கு அதைக் கதையாச் சொல்ல முடியலை. யாரோ என்கிட்ட கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்கற மாதிரி இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. நான், “சந்தோஷம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றேன். வேத வகுப்பில் பதில் சொல்கிற குரல் அது. மனத்துக்குள், ஒரு வருஷமாவது எழுந்து நின்றாயா என்று கேட்டேன்.

வேலையை விட்டுவிட்டு அவள் எங்கள் ஊருக்கே வந்தாள். நெசவுத் தெருக் கோடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டாள். அமாவாசை தோறும் கூட்டம். மற்ற நாட்களில் ராட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் நூல் சுற்றச் சுற்ற இவள் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். எந்த வீட்டிலும் அவளை மோர் கொடுத்து அனுப்பிவிடவில்லை. உள்ளே வந்து சாப்பிடச் சொன்னார்கள்.

பொறாமை என்பது பெரிய விஷயங்களில் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவள் செருப்பின் மேல் வந்தது. நினைத்தவுடன் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாளே என்று. அவள் சேலையின் மேல் வந்தது; பாலும் கஞ்சியும் படாத சேலை. என் மூன்று பெண்களில் மூத்தவள், எனக்குத் தலை நோவென்றால் தைலம் எடுத்து வருகிறவள், ஒருநாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சாம்பாரில் உப்புப் போதுமா என்று மூன்று முறை கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தி, “உப்பு இருக்குது. வேற என்ன குறைஞ்சு போச்சு?” என்றார்.

சொன்னேன். அவர் நல்லவர், யோசித்துத்தான் பேசுவார். குழந்தையை மடியில் வைத்திருக்கும் என்னைப் பார்த்து அவளுக்கும் ஏக்கம் இருக்கலாம் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. என்னிடம் இருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான், அதையும் அவளோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கோபம்தான் வந்தது.

போதகரிடம் ஜாடையாகக் கேட்டேன். அவர் புன்னகையோடு, ஆலயத்தில் ஆண்டவர் கூப்பிட்ட அந்தச் சிறுவனின் தாயைப் பற்றிப் பேசினார். பிள்ளைக்காக அழுது ஜெபித்தவள், பெற்றவள், வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போய் ஆலயத்தில் அவனைப் பார்த்தவள். தாய்மையே ஒரு ஊழியம் என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் அதையே சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து பலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கதையில் நான் சிறுவனாக இருக்க ஆசைப்பட்டேன். எல்லோரும் சேர்ந்து என்னைச் சட்டை தைக்கச் சொன்னார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர் ஆட்சேபம் கிளப்பினார். கிறிஸ்தவக் கூட்டம் அமாவாசை பார்த்து நடக்கிறது. நாளைக்குப் பௌர்ணமியும் பார்ப்பீர்களா, நல்ல நேரம் குறித்துத்தான் ஜெபம் தொடங்குவீர்களா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். தோழி அப்போது பெற்றோரைப் பார்க்கச் சேலத்துக்குப் போயிருந்தாள். கூட்டம் என் வீட்டில் தொடங்கியது என்பதால் ஆராதனைக்குப் பிறகு போதகர் என்னைக் கூப்பிட்டு, மூப்பர்கள் முன்னால் கேட்டார்: இந்த நாளை யார் தேர்ந்தெடுத்தது, ஏன்?

குழந்தை இடுப்பில் இருந்தான். என் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது. அது பொய்யும் இல்லை. தவறுதலாக நடந்தது, இதைத் தொடர வேண்டுமென்று நான் சொல்லவில்லை என்பது அந்தப் பதில். அதைச் சொன்னால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று பெண்கள். மூன்று பெண்களுக்கு ஒரு ஊழியக்காரி எதற்கு? அவள் வாழப்பாடிக்குப் போய்விடுவாள். இவ்வளவும் அவர்கள் பதிலுக்குக் காத்திருந்த நேரத்துக்குள் என் மனத்தில் ஓடியது.

குழந்தை என் தாலியைப் பிடித்து இழுத்தான். “இவனுக்குக் காய்ச்சலுங்க. ஞாயித்துக்கெழமை முடியலீங்க. திங்கக்கெழமை தொவைக்கிற நாளுங்க. அதனால செவ்வாய்க்கெழமை வரச் சொன்னனுங்க. அன்னைக்கு அமாவாசைன்னு எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

ஆட்சேபம் சொன்னவரே முதலில் சிரித்தார். “அமாவாசையுமில்ல ஒண்ணுமில்ல. பையன் காய்ச்சலுக்கு வெச்ச கூட்டமா?” என்றார். இன்னொருவர், தறி நிற்கிற நாள் கூட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் குற்றமில்லை என்றார். அப்படியே முடிவாயிற்று. சபை அறிவிப்பில் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். தெருவில் எல்லோரும் அமாவாசைக் கூட்டம் என்கிறார்கள்.

நான் நல்லது செய்தேன் என்று கணவர் சொன்னார். நல்லது செய்தேனா, அல்லது குழந்தை இழுத்ததால் மற்ற பதில் மறந்துபோயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டம் தொடங்கியதும் நிலைத்ததும் என் மகனால் என்று ஊரே பேசிச் சிரித்தது. அதில் தோழிக்கு அழைப்பு இருந்தது. என் மகனுக்குப் பங்கு இருந்தது. எனக்குத் திங்கட்கிழமைத் துணி இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

காவிரிக் கரையில் ஜேடர்பாளையத்துப் பக்கம் சில ஊர்களில் இதுபோல வாலிபப் பெண்கள் நடுவில் வேலை செய்யத் தோழியைக் கேட்டிருக்கிறார்கள். தை பிறந்ததும் போகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அமாவாசைக் கூட்டத்தை நீ எடுத்துக்கொள் என்றாள். நான் வேறு யாரையாவது பார்க்கச் சொன்னேன்.

“வேற யாரு? அன்னிக்கு முதல்ல உன்னைத்தானேடி கூப்பிட்டாங்க” என்றாள்.

“என்னைக் கூப்பிட்டது இவன்,” என்றேன்.

“சரி, அப்ப எழுந்து உள்ள போன. பாலும் குடுத்தாச்சுல்ல? இன்னும் எத்தனை நாளைக்கு உள்ள ரூம்லயே உக்காந்திருப்ப?”

பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. இத்தனை வருஷம் கேட்டது கைக்கு எட்டிய தூரத்தில் வந்து நிற்கிறது. ஆனால் கொடுப்பது ஆண்டவர் இல்லை, அவள். அவள் கழற்றிப் போட்ட சேலையை எடுத்து உடுத்துவதுபோல இருக்கிறது. அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. நேற்று அடுப்படியில் நின்று அந்தக் கதையை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரம் வரும்போது கவனித்தேன்: நான் அவள் குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். வாழப்பாடிப் பேச்சு, அவள் நிறுத்திய அதே இடம். அவளைவிட நான் நன்றாக நடத்திக் காட்ட வேண்டும், அந்தப் பெண்கள் அவளை மறக்க வேண்டும் என்பதுதான் என் மனத்தின் அடியில் இருக்கிறது. இந்த மனத்தோடு அவர்கள் முன்னால் உட்காரலாமா?

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் தை மாதத்து அமாவாசையில் அந்தப் பெண்கள் தலை முழுகி, பின்னல் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள் என்று நினைக்கிறேன். உடனே இன்னொன்றும் தோன்றுகிறது: அவர்கள்மேல் உள்ள அன்பால்தான் இதை நினைக்கிறேனா, இல்லை ஆசைக்கு ஒரு நல்ல சட்டை தைத்துப் போடுகிறேனா?

ஆகையால் இந்தப் பத்திரிகையில் இதை வாசிக்கிற தாய்மாரையும், இப்படிப்பட்ட வேலையில் இருந்து பழகியவர்களையும் கேட்கிறேன். பொறாமை போன பிறகுதான் இந்த வேலையில் கை வைக்க வேண்டுமா? அல்லது அதையும் இடுப்பில் தூக்கிக்கொண்டே போகலாமா, போகப் போக அது இறங்கிவிடுமா? உங்களில் யாருக்காவது இறங்கியிருந்தால் எழுதுங்கள். இறங்கவே இல்லை என்றாலும் எழுதுங்கள். எனக்கு அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு அதுவும் பெரியதுதான். கதையின் நடுவில் உள்ளே பிள்ளை அழுதால் நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுந்து போனீர்களா, கூட்டத்துக்கு நடுவிலேயே கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டீர்களா? தை பிறப்பதற்குள் நான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.